எட்டாத இரண்டு தந்திகள்: தியோர்போ என்ற தந்தி வாத்தியம் பிறந்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

1589 மே 2. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை டஸ்கனியை ஆண்ட ஃபெர்தினாந்தோ தெ மெதிச்சி, பெண் லொரேன் நாட்டு இளவரசி கிறிஸ்தீன். உஃபீத்சி கட்டடத்துக்குள் அமைந்த அரங்கில் அன்று ஒரு நகைச்சுவை நாடகம். அந்த நாடகத்தை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. அதன் அங்கங்களுக்கு நடுவே ஆறு இசைக் காட்சிகள் வந்தன, அவைதான் வரலாற்றில் நின்றன.

முதல் காட்சியில் மேலிருந்து ஒரு மேகம் இறங்குகிறது. அதில் 'இசைவு' என்ற தெய்வமாக வித்தோரியா ஆர்க்கிலேயி தனியாகப் பாடுகிறார். 1591இல் கிறிஸ்தோஃபனோ மல்வெத்சி இந்த இசையை அச்சிட்டபோது, யார் என்ன வாசித்தார்கள் என்பதையும் எழுதி வைத்தார். வித்தோரியாவின் கையில் ஒரு பெரிய லூட். துணைக்கு இரண்டு கிட்டரோனேக்கள்: ஒன்றைக் கணவர் அந்தோனியோ ஆர்க்கிலேயி வாசித்தார், மற்றொன்றை அந்தோனியோ நால்தி.

பெரிய லூட் ஒன்று, கிட்டரோனே இரண்டு. இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். லூட் என்பது அன்றைய ஐரோப்பாவில் எல்லாருக்கும் தெரிந்த, விரலால் மீட்டும் தந்தி வாத்தியம். அரபு நாட்டு ஊத் ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பாவுக்குள் போய் அப்படி ஆனது. கிட்டரோனே புதுப் பெயர். 'பெரிய கிதாரா' என்று பொருள். கிதாரா பழைய கிரேக்கர்களின் வாத்தியம். கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடத்தினார்கள், நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஃபிளாரன்ஸில் ஜொவான்னி பார்தியின் வீட்டில் கூடிப் பேசிய கூட்டம் ஒன்று உண்டு. விஞ்ஞானி கலீலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேயி அதில் முக்கியமானவர், அவரே லூட் வாசிப்பவர். அந்தக் கனவிலிருந்து வந்த பெயர் இது. பிற்பாடு தியோர்போ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே வாத்தியம்தான். இனி தியோர்போ என்றே சொல்கிறேன்.

விசித்திரம் எங்கே இருக்கிறது

தியோர்போவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதன் நீளம். ஆள் உயரம், சில நேரம் அதற்கும் மேல். பேரிக்காயைப் பிளந்தது போன்ற குடம், அதற்கு மேல் மெட்டுகள் (விரல் அழுத்தும் இடத்தைக் குறிக்கும் கட்டுகள்) கட்டிய தண்டி, அந்தத் தண்டியின் தலையிலிருந்து இன்னொரு தண்டி நீண்டு போகும். மெட்டுக்கு மேல் ஆறு வரிசைத் தந்திகள். பக்கத்தில் மெட்டே இல்லாமல் நீளும் எட்டு மந்தரத் தந்திகள். வீணையின் பக்கத் தந்தி மாதிரி இவற்றில் விரல் அழுத்துவதில்லை, திறந்தபடியே மீட்ட வேண்டும்.

ஆனால் உண்மையான விசித்திரம் கண்ணுக்குத் தெரியாது, காதில்தான் தெரியும். சாதாரண லூட்டில் கீழிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு தந்தியும் சுருதியில் ஏறும். தியோர்போவில் ஆறாம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்தி வரை அப்படித்தான். இரண்டாவதும் முதலாவதும் மட்டும், ஏற வேண்டிய இடத்தில் ஒரு ஸ்தாயி கீழே விழுந்து கிடக்கும். மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், ஆறாவதிலிருந்து: ஏ, டி, ஜி, பி, அப்புறம் அந்த பி-யை விடத் தாழ்ந்த ஈ, அதற்கு மேல் ஓர் ஏ. அந்த ஏ-யும் பி-க்குக் கீழேதான். ஆக வாத்தியத்தின் மிக உயர்ந்த திறந்த தந்தி மூன்றாவது.

எதற்காக இப்படி? அழகுக்காகவா, வசதிக்காகவா, யாராவது உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடா?

சாட்சிகள்

முதல் சாட்சி ஜூலியோ கச்சீனி. பாடகர், பாட்டு வாத்தியார், ஃபிளாரன்ஸ் அரண்மனை ஆள். 1602இல் வந்த தன் பாடல் தொகுப்பின் முன்னுரையில், குரலுக்கு, அதிலும் ஆண்களின் டெனர் குரலுக்கு, துணை வாசிக்க இதை விடப் பொருத்தமான வாத்தியம் இல்லை என்று எழுதுகிறார். 'இல் பார்தெல்லா' என்று அழைக்கப்பட்ட அந்தோனியோ நால்திதான் இதைக் கண்டுபிடித்தவர் என்றும் சொல்கிறார். 1589இல் வித்தோரியாவுக்கு வாசித்த அதே நால்தி. உடன் வேலை பார்த்தவர் சொல்வதால் இதை லேசில் தள்ள முடியாது. ஆனால் நால்தி செய்தது எதை, எப்படி, ஏன் என்று கச்சீனி விளக்கவில்லை.

விளக்குபவர் இரண்டாவது சாட்சி, பொலொன்யாக்காரர் அலெஸ்ஸாந்த்ரோ பிச்சினீனி. 1623இல் லூட்டுக்கும் கிட்டரோனேக்கும் அவர் அச்சிட்ட புத்தகத்தின் முன்பகுதி எனக்கு மிகப் பிடித்தது. ஒரு வாத்தியக்காரர் தன் தொழிலைப் பற்றி மனம் விட்டுப் பேசுவது போல இருக்கும்.

அவர் சொல்வதன் சாரம் இது. பொலொன்யாவில் அருமையான பெரிய லூட்டுகள் இருந்தன. (அந்த ஊரின் லூட் ஆசாரிகளுக்கு அப்படிப் பெயர், லாவ்க்ஸ் மாலர், ஹன்ஸ் ஃப்ரை போன்ற ஜெர்மன் கைகள் செய்த குடங்களை நூறு வருஷம் கழித்தும் தேடி வாங்கினார்கள்.) சின்ன லூட்டுகளோடு சேர்ந்து வாசிக்க அந்தப் பெரிய லூட்டுகளைச் சுருதி கூட்டினார்கள். கூட்டக் கூட முதல் தந்தியால் அந்த உயரத்தைத் தொட முடியவில்லை. அதை எடுத்துவிட்டு, கொஞ்சம் தடித்த தந்தி ஒன்றைப் போட்டு ஒரு ஸ்தாயி கீழே வைத்தார்கள். பிறகு தனிக்குரல் பாட்டு பரவிய காலம் வந்தது. இந்தப் பெரிய லூட்டின் இனிமை பாட்டுக்குத் துணை போகத் தோதாக இருந்தது. ஆனால் குரலுக்கு அது மிகத் தாழ்வு. மெல்லிய தந்திகள் போட்டு குரலின் உயரத்துக்குத் தூக்கினார்கள். இப்போது இரண்டாம் தந்தியும் எட்டவில்லை. முன்னது போன வழியில் அதையும் ஒரு ஸ்தாயி இறக்கினார்கள். தியோர்போ இப்படித்தான் தொடங்கியது.

மூன்றாவது சாட்சி வேறு நாடு, வேறு காலம். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரித் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த தாமஸ் மேஸ், 1676இல் லூட் குடும்பத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போட்டார். அவரும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார். வாத்தியம் பெரிதாக இருந்தால் முதல் தந்தி மேலே ஏறாது, அதனால் ஒரு ஸ்தாயி கீழே. இரண்டாவதும் ஏறாவிட்டால் அதையும் கீழே. இத்தாலிக்காரரும் இங்கிலாந்துக்காரரும் ஐம்பது வருஷ இடைவெளியில் ஒரே பதிலைத் தரும்போது, அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

குடல் தந்தியின் கணக்கு

அன்றைய தந்தி ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தது. ஒரு தந்தி சுருதியில் எவ்வளவு ஏறும் என்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லை தந்தியின் தடிமனைப் பொறுத்ததல்ல. பலருக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். தடித்த தந்தி அதிக இழுவை தாங்கும்தானே? தாங்கும். ஆனால் அதே உயரத்துக்குப் போக அதற்கு அதே விகிதத்தில் அதிக இழுவை வேண்டும். இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது நீளம் ஒன்றுதான். நீளத்தை மீட்டரில் எடுத்து, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதால் பெருக்குங்கள். குடல் தந்தியில் அந்த எண் சுமார் 260ஐத் தொட்டால் அறுந்துவிடும். நிம்மதியாக வாசிக்க 240க்குள் இருக்க வேண்டும்.

கிட்டாரின் முதல் தந்தியை எடுத்துக்கொள்வோம். நீளம் 0.65 மீட்டர், ஈ என்றால் நொடிக்கு 330 அதிர்வு. பெருக்கினால் 214. குடலில் போட்டாலும் நிற்கும்.

சரி, இப்போது தியோர்போ. மெட்டுள்ள தந்தியின் நீளம் 89 சென்டிமீட்டர் என்று வைப்போம், பழைய பெரிய தியோர்போக்களுக்கு இது சாதாரண அளவு. இரண்டாம் தந்தியை லூட் மாதிரி மேல் ஈ-க்குக் கூட்டினால் 0.89 × 330, அதாவது 293. வாய்ப்பே இல்லை, பாதி வழியில் அறுந்து முகத்தில் அடிக்கும். முதல் தந்தி அதற்கும் மேல் போக வேண்டியது, பேச்சுக்கே இடமில்லை. மூன்றாம் தந்தி பி, 247 அதிர்வு: 220. நன்றாக நிற்கிறது.

அந்தக் காலத்துச் சுருதி இன்றையது அல்லவே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஊருக்கு ஊர் மாறும். ரோமில் தாழ்வு, வட இத்தாலியில் உயர்வு. ரோமின் தாழ்ந்த சுருதிக்கு, இன்றையதை விட ஒரு முழு ஸ்வரம் கீழே வைத்தாலும், அந்த ஈ 261க்கு வந்து நிற்கும். சரியாக அறுந்து போகும் இடம். வடக்கின் உயர்ந்த சுருதிக்கு, இன்றையதை விட அரை ஸ்வரம் மேலே போனால், மூன்றாம் தந்தி 233. கஷ்டப்பட்டாலும் தாங்கும். தாழ்த்தினாலும் இரண்டாவது தப்பிக்காது, உயர்த்தினாலும் மூன்றாவது அறுந்து போகாது. பிச்சினீனி கணக்குப் போட்டு எழுதவில்லை, கையில் அறுந்த தந்தியை வைத்து எழுதினார். கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது.

சின்னதாகச் செய்திருக்கலாமே? சின்னக் குடத்தில் அந்த மந்தரம் வராது. ஒரு மனிதக் குரலுக்கு அடியில் தரை மாதிரி விரிய வேண்டிய ஒலி அது. அதற்குப் பெரிய குடமும் நீளமான தந்தியும் தேவைப்பட்டன. அந்த ஒலிக்காக மேல் இரண்டு தந்திகளை விட்டுக்கொடுத்தார்கள்.

நீண்ட கழுத்து

இரண்டாவது தண்டி எப்போது வந்தது என்பது தனி விஷயம். இதற்கும் பிச்சினீனி ஒரு கதை வைத்திருக்கிறார். 1594இல் அவர் ஃபெர்ராரா அரண்மனையில் வேலை. பதுவா நகருக்குப் போய், கிறிஸ்தோஃபனோ ஹெபெர்லே என்ற ஆசாரியிடம் ஒரு பரீட்சார்த்த லூட் செய்யச் சொன்னார். மந்தரத் தந்திகள் நீளமாக வேண்டும் என்பதற்காகக் குடத்தையே நீட்டி, ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு குதிரைகள் (தந்தி தாங்கும் கட்டைகள்) வைத்துச் செய்தார்கள். பலிக்கவில்லை. தூரத்திலிருந்த மந்தரத் தந்திகளைக் கையால் சரியாக மீட்ட முடியவில்லை. அடுத்ததில் குடத்தை விட்டுவிட்டுத் தண்டியை நீட்டினார்கள். அது பலித்தது. தோற்ற முயற்சியையும் மறைக்காமல் எழுதியதாலேயே இந்தக் கதையை நான் நம்புகிறேன். தன்னைப் பெருமைப்படுத்த மட்டும் எழுதுபவர் முதல் லூட்டைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

அவர் செய்தது ஆர்ச்லூட் எனப்படும் உறவுக்கார வாத்தியம். குடம் அளவானது, மேல் தந்திகள் வழக்கமான உயரத்தில், கூடவே நீண்ட மந்தரங்கள். அவர் சொல்வதை ஏற்றால், 1589இல் நால்தி வாசித்த கிட்டரோனேயில் இந்த நீண்ட கழுத்து இருந்திருக்காது. இரண்டு தந்தி இறங்கிய ஒரு பெரிய லூட்டாகவே அது இருந்திருக்க வேண்டும். வித்தோரியா வாசித்தது 'பெரிய லூட்', மற்ற இருவர் வாசித்தது 'கிட்டரோனே' என்று மல்வெத்சி பிரித்து எழுதியதற்கும் இது பொருந்தி வருகிறது. பழையதும் அதிலிருந்து அப்போதுதான் பிரிந்த புதியதும் ஒரே பாட்டுக்கு ஒலித்தன.

நீளத்தின் பலன் என்ன என்பதையும் எண்ணில் பார்த்துவிடலாம். பதினான்காவது தந்தி அடி ஜி, நொடிக்கு 49 அதிர்வு. மூன்று கிலோ இழுவையில் இதை 89 சென்டிமீட்டரில் கட்ட வேண்டுமானால் குடல் தந்தி கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தடிக்க வேண்டும். அது தந்தி இல்லை, கயிறு. தட்டினால் 'தொப்' என்று விழும். 1.6 மீட்டருக்கு நீட்டினால் 1.1 மில்லிமீட்டர் போதும். ஒலி தெளிந்து, மணி அடித்தது போல நெடுநேரம் நிற்கும். குடல் மேல் உலோகக் கம்பி சுற்றிய தந்திகள் 1600களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை மந்தரத்துக்கு நீளத்தை விட்டால் வேறு வழி இல்லை.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில், மாக்னோ தீஃபொப்ருக்கர் 1608இல் வெனிஸில் செய்த கிட்டரோனே ஒன்று இருக்கிறது. இந்த ஆசாரிக் குடும்பங்கள் பல தென் ஜெர்மனியின் ஃப்யூசன் ஊரைச் சுற்றியிருந்த பகுதியிலிருந்து இத்தாலிக்குப் பிழைக்க வந்தவை. கழுத்து எவ்வளவு நீண்டுவிட்டது என்பதை அந்தக் கிட்டரோனேயைப் பார்த்தாலே உணரலாம்.

குறையிலிருந்து இசை

இந்த நிகழ்வில் என்னை இழுத்துப் பிடித்த பகுதி இதுதான். இரண்டு தந்திகள் கீழே விழுந்தது இழப்பு என்றுதான் தொடங்கியது. ஆனால் வாசித்தவர்கள் அந்தத் தந்திகள் விழுந்த இடத்தைக் கவனித்தார்கள்.

திறந்த தந்திகளை மட்டும் பாருங்கள். நான்காவது ஜி, முதலாவது ஏ, மூன்றாவது பி. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ச, ரி, க மூன்றும் மூன்று தனித்தனித் தந்திகளில், விரலே வைக்காமல் கிடைக்கின்றன. ஐந்தாவது டி கீழ்ப் பஞ்சமம், இரண்டாவது ஈ கீழ்த் தைவதம். ப, த, ச, ரி, க: முழு மோகனம், திறந்த தந்தியிலேயே! (ஆறாவது ஏ கீழ் ரிஷபம்.) இத்தாலிக்காரர்களுக்கு மோகனம் தெரியாது. ஆனால் நம் காதுக்கு இதை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

இதனால் என்ன ஆகிறது? ஒரு ஸ்வரம் ஒலித்து அடங்கும் முன்பே அடுத்த ஸ்வரம் வேறு தந்தியில் பிறந்துவிடும். வரிசையாக இறங்கும் ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து, சின்ன மணிகளைக் கொத்தாக ஆட்டியது போலக் கேட்கும். இத்தாலியில் அதற்கு 'காம்பனெல்லா' என்றே பெயர், குட்டி மணி. 1604இல் வெனிஸில் தியோர்போவுக்கென்றே புத்தகம் அச்சிட்ட கப்ஸ்பெர்கரைப் பார்த்தால் இது புரியும். ஒரு ஸ்தாயிக்குள் மூன்று நான்கு தந்திகள் நெருக்கமாகக் கிடப்பதால், சுரக்கூட்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) விரித்து மீட்டும்போது விரல்கள் வரிசையாகப் போனாலும் ஒலி மேலும் கீழும் தாவும். லூட்டில் அது வரவே வராது.

வீட்டில் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைச் சோதிக்கலாம். கிட்டாரின் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகள் ஏ, டி, ஜி, பி. தியோர்போவின் ஆறு முதல் மூன்று வரை அப்படியே இதே ஸ்வரங்கள், இதே உயரம். கிட்டாரின் முதல் தந்தியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு நைலான் ஜி தந்தியைப் போட்டு, ஈ வரும்வரை தளர்த்துங்கள். அவ்வளவுதான், தியோர்போவின் ஐந்து தந்திகள் உங்கள் மடியில். தந்தி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், பரவாயில்லை. தெரிந்த சுரக்கூடு ஒன்றைப் பிடித்து மெதுவாக விரித்து மீட்டிப் பாருங்கள். கூர்மையான உச்சி காணாமல் போய், எல்லா ஒலியும் நடுவில் கூடி வெதுவெதுப்பாக நிற்கும். பாடகர் பாடுவதற்கு மேலே இடம் காலியாக இருக்கும். கச்சீனி ஏன் அப்படிப் புகழ்ந்தார் என்பது அப்போது விளங்கும்.

1607இல் மாந்துவாவில் அரங்கேறிய, இசையமைப்பாளர் மொன்ட்டெவெர்தியின் ஓர்ஃபெயோ என்ற ஓபராவில் (பாடியே நடத்தும் நாடகத்தில்), இறந்த மனைவியை மீட்க நாயகன் ஓர்ஃபியஸ் பாதாள உலகத்து ஓடக்காரனிடம் கெஞ்சிப் பாடும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு மரக்குழல் ஆர்கனும் ஒரு கிட்டரோனேயும் போதும் என்று மொன்ட்டெவெர்தி அச்சுப் பிரதியில் குறித்திருக்கிறார். வாத்தியம் பிறந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓர்ஃபியஸின் யாழாகவே அதை வைத்துவிட்டார்.

பரவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் 1605 வாக்கில் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தபோது, மன்னரைக் கொல்ல கத்தோலிக்க நாட்டிலிருந்து வந்த ஏதோ இயந்திரம் என்று டோவர் துறைமுகத்தில் சந்தேகப்பட்டார்கள் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. பிரான்ஸில் பதினான்காம் லூயியின் அவையில் ரொபேர் த விசே வாசித்தார். இசையமைப்பாளர் ஹேண்டல் 1724இல் லண்டனில் ஜூலியோ சேசரே ஓபராவின் ஒரு காட்சிக்கு இதைச் சேர்த்தார். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கொழிந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் கைக்கு வந்தது.

இன்றைய சிக்கல்

இன்று செய்யும் தியோர்போக்களில் பலவற்றின் மெட்டுள்ள தந்தி நீளம் 76 முதல் 82 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. காரணம் புரிகிறது. 89 சென்டிமீட்டர் தண்டியில் முதல் மெட்டு 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கிட்டாரில் அது 3.6தான். கை விரிய வேண்டும். விமானத்தில் ஏற்றுவதும் பெரும்பாடு. ஆனால் 76இல் இரண்டாம் தந்தியை மேல் ஈ-க்குக் கூட்டினால் 250 வருகிறது. ஆபத்தான எல்லைதான், ஆனாலும் ஒரு அரை ஸ்வரம் தாழ்ந்த சுருதியில் அது நின்றுவிடும். அதாவது அந்தத் தந்தியைக் கீழே இறக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இறங்கிய சுருதி மட்டும் இருக்கிறது, இறங்க வைத்த நீளம் இல்லை. மந்தரமும் அதற்கேற்ப மெலிகிறது.

இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டுமா என்று நான் நிறைய யோசித்தேன். என் முடிவு இரண்டாகப் பிரிகிறது. பாட்டுக்கும் ஓபராவுக்கும் துணை வாசிக்க என்றால், பெரிய அளவிலேயே செய்ய வேண்டும் என்று வாதாடுவேன். அந்த மந்தரத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள். அதைச் சுருக்கிவிட்டால் விட்டுக்கொடுத்ததற்கு ஈடு எதுவும் மிஞ்சாது.

தனி வாசிப்புக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். 1622இல் மொதெனாவில் பெல்லெரொஃபோந்தே கஸ்தால்தி ஒரு தொகுப்பு அச்சிட்டார். அதில் தியோர்போவும் 'தியோர்பினோ' என்ற குட்டியும் சேர்ந்து வாசிக்கும் ஜோடிப் பாடல்கள் இருக்கின்றன. குட்டி, பெரியதை விட ஒரு ஸ்தாயி மேலே. அவ்வளவு சின்ன வாத்தியத்தை வழக்கமான குட்டி லூட்டாகச் சுருதி கூட்டியிருக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அவரோ அண்ணனுக்கு இறங்கிய அதே இரண்டு தந்திகளைத் தம்பிக்கும் இறக்கியே வைத்தார். எட்டாத தந்திக்காகத் தொடங்கிய ஏற்பாட்டை, நால்தி வாசித்து முப்பத்து மூன்று வருஷத்தில், வேண்டுமென்றே கேட்டு வாங்கும் அளவுக்கு விரும்பத் தொடங்கியிருந்தார்கள்.